பட்டாளத்து நர்ஸாகப் போகிற பெண்ணுக்கு

ராணுவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு எப்போது வந்தது? லீவில் ஊருக்கு வந்த பட்டாளத்துச் சித்தப்பா சொல்லக் கேட்டு வந்திருக்கலாம். பாட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் முகம் சுளிக்காமல் வந்து பார்த்த நர்ஸைக் கண்டு வந்திருக்கலாம். எப்படி வந்திருந்தாலும் நல்ல ஆசைதான். ஆனால் அந்த ஆசைக்கும் அந்தப் படிப்புக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு வருஷம் கிடக்கிறது. படிப்பு நாலு வருஷம். அது வேறு கணக்கு. நான் சொல்வது, படிப்பில் இடம் கிடைப்பதற்கு முன்னால், மனுப் போட்டுவிட்டுத் தபாலையும் டெலிபோனையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வருஷம். கெட்டிக்காரப் பெண்கள்கூட அந்த வருஷத்தின் நடுவில் மனசு விட்டுப் போய், "எனக்கு அதெல்லாம் சரிப்படாது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். உங்களுக்கு அப்படி நேரக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் விஷயம் என்ன என்று பார்த்துவிடுவோம். முப்படைகளின் மருத்துவத் துறைக்கு ஆறு நர்ஸிங் கல்லூரிகள் இருக்கின்றன. புனே, மும்பை, கொல்கத்தா, டில்லி, லக்னோ, பெங்களூர் ஆகிய ஊர்களில். நமக்குப் பக்கம் பெங்களூர். அண்மை ஆண்டுகளின் அறிவிப்புப்படி நாடு முழுவதற்கும் சேர்த்து மொத்தம் 220 இடங்கள். பெண்களுக்கு மட்டும். பி.எஸ்ஸி. நர்ஸிங் நாலு வருஷப் படிப்பு. சாப்பாடு, தங்கும் இடம் எல்லாம் சர்க்கார் செலவு, கையில் மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. முடித்து வெளியே வரும்போது லெப்டினன்ட். தோளில் இரண்டு நட்சத்திரம்.

பிளஸ் டூவில் பௌதிகம், ரசாயனம், உயிரியல், ஆங்கிலம் இந்த நாலும் படித்திருக்க வேண்டும். முதல் தடவையிலேயே தேறியிருக்க வேண்டும்; 50 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது. வயது, உயரம் இவற்றுக்கும் வரம்பு உண்டு. இவை வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் மாறும் என்பதால், யாரோ சொன்னதை நம்பாமல், "ஜாயின் இண்டியன் ஆர்மி" என்ற ராணுவத்தின் சொந்த இணையதளத்தில் அந்தந்த வருஷத்து அறிவிப்பை நீங்களே எழுத்துக்கு எழுத்து படித்துவிடுங்கள்.

இனி, முதல் பள்ளத்தைக் காட்டுகிறேன். இதில் விழுந்தவர்கள் அநேகம்.

தமிழ்நாட்டில் நர்ஸிங் கல்லூரியில் சேருவதற்குப் பிளஸ் டூ மார்க் போதும். நீட் பரீட்சை வேண்டியதில்லை. ஆகவே நர்ஸாக நினைக்கும் பெண், "நான் டாக்டருக்கா படிக்கப் போகிறேன்? எனக்கு எதற்கு நீட்?" என்று இருந்துவிடுகிறாள். நியாயமான கேள்விதான். ஆனால் ராணுவ நர்ஸிங் படிப்புக்கு 2022 முதல் நீட் தேறியிருப்பது கட்டாயம். அதற்கு முன்பு ராணுவமே தனியாக ஒரு பரீட்சை வைத்துக்கொண்டிருந்தது. இப்போது நீட் மார்க்கைப் பார்த்துத்தான் அடுத்த கட்டத்துக்கே கூப்பிடுகிறார்கள். அந்த நீட்டுக்கு மனுப் போடுவது அண்மை ஆண்டுகளில் பிப்ரவரி, மார்ச்சோடு முடிந்துவிடுகிறது. பரீட்சை மே மாதம். ராணுவத்தின் அறிவிப்பு வருவதோ அதற்கெல்லாம் பிறகு. அறிவிப்பைப் பத்திரிகையில் பார்த்து "அடடா!" என்று குதிக்கிற பெண்ணுக்கு, கதவு நாலைந்து மாதம் முன்பே சாத்தியாகிவிட்டது! ஆகவே பிளஸ் டூ வருஷத்துத் தைப் பொங்கல் முடிந்த கையோடு காலண்டரில் ஒரு குறி போட்டு வையுங்கள். நீட்டைத் தமிழிலேயே எழுதலாம் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

இரண்டாவது தொல்லை நம்மவர்களுக்கென்றே ஏற்பட்டது. பெயர்த் தொல்லை!

மனுப் படிவத்தில் முதற்பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர் என்று மூன்று கட்டம் இருக்கும். வடக்கே இருப்பவர்களுக்கு அது சுலபம். நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். மார்க் பட்டியலில் "கவிதா எஸ்." என்று இருக்கும். ஆதாரில் "எஸ். கவிதா." ரேஷன் கார்டில் இனிஷியலே இருக்காது. ஜாதிச் சான்றிதழில் தாசில்தார் ஆபீஸ் குமாஸ்தா தம் இஷ்டத்துக்கு இன்னோர் எழுத்தைச் சேர்த்திருப்பார். படிவத்தை நிரப்புகிற அண்ணன், குடும்பப்பெயர் கட்டத்தைக் காலியாக விடக் கூடாதென்று அப்பாவின் முழுப் பெயரை அதில் போட்டுவிடுவான். ஆக, ஒரே கவிதா நாலு காகிதத்தில் நாலு பேராக நிற்கிறாள். சான்றிதழ் சரிபார்க்கும் அதிகாரிக்கு கவிதாவின் மேல் ஒரு விரோதமும் இல்லை. அவர் முன் இருப்பது காகிதம். காகிதம் ஒத்துப் போகவில்லை என்றால் அவர் என்ன செய்வார்?

பத்தாம் வகுப்பு மார்க் பட்டியலில் எப்படி இருக்கிறதோ அதையே மூலமாக வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதற்குச் சரியாகத் திருத்திவிடுங்கள். பிறந்த தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அப்பாவின் பெயரில் உள்ள எழுத்துக்களையும் பாருங்கள். ஆதாரில் திருத்தம் செய்யவும், தாலுகா ஆபீஸில் புதுச் சான்றிதழ் வாங்கவும் நாள் பிடிக்கும். பிளஸ் டூ பரீட்சைக்கு நடுவில் இதற்காக அலைய முடியாது. பதினோராம் வகுப்புக் கோடை விடுமுறை இதற்கு நல்ல காலம். அப்பாவை ஒரு நாள் லீவு போடச் சொல்லுங்கள்.

சரி, நீட் எழுதியாயிற்று, தேறியாயிற்று, ராணுவத்தின் படிவத்தையும் நிரப்பி அனுப்பியாயிற்று. இதற்கு மேல்தான் கஷ்டம். ஏனென்றால் இதற்கு மேல் உங்கள் கையில் ஒன்றும் இல்லை.

வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்லட்டுமா? முதல் வாரம் எல்லாரும் உற்சாகமாக இருப்பார்கள். மூன்றாம் வாரம் அத்தை வருவாள். "என்னடி, பட்டாளத்திலிருந்து கடுதாசி வந்ததா?" என்பாள். அடுத்த வீட்டுப் பெண் உள்ளூர்க் கல்லூரியில் பணம் கட்டிச் சேர்ந்து, வெள்ளைக் கோட்டும் தைத்துவிட்டாள் என்று செய்தி வரும். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் தினமும் சாப்பிடும்போது ஒரு தடவை உங்கள் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வைதான் தாங்க முடியாது! அம்மாமார்களுக்கும் அத்தைமார்களுக்கும் இங்கே ஒரு வேண்டுகோள்: அந்தப் பெண்ணிடம் கடிதம் வந்ததா என்று கேட்காதீர்கள். வந்தால் அவளே கூவிக்கொண்டு ஓடி வருவாள்.

காத்திருப்பது சும்மா இருப்பதல்ல என்று எனக்கு எப்போதும் ஞாபகப்படுத்துகிறவள், தூர தேசத்து அம்மாள் ஒருத்தி. மேரி ஸீகோல் என்று பெயர். ஜமைக்கா தீவில் கிங்ஸ்டன் நகரில் 1805ல் பிறந்தவள், கலப்பு இனத்தவள். தாயாரிடம் வைத்தியம் கற்று, காலராவிலும் மஞ்சள் காய்ச்சலிலும் கிடந்தவர்களைப் பார்த்துக் கைதேர்ந்தவள். 1854ல் கிரிமியா யுத்தத்தில் சிப்பாய்கள் ஈ மொய்ப்பது போல் மடிகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நர்ஸாகப் போக லண்டனில் மனுப் போட்டாள். யுத்த இலாகாவுக்குப் போனாள். ராணுவ வைத்திய இலாகாவுக்குப் போனாள். நர்ஸுகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பிக்கொண்டிருந்த சீமாட்டியின் வீட்டுக்குப் போய்க் காத்துக் கிடந்தாள். எல்லா இடத்திலும் இல்லை என்ற பதில்தான். தன் தோலின் நிறம்தான் காரணமோ என்று எண்ணி, இருட்டுகிற நேரத்தில் லண்டன் தெருவில் நின்று அழுததை அவளே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறாள்.

அழுது முடித்தாள், சொந்தப் பணத்தில் கப்பல் ஏறினாள். 1855ல் பாலக்லாவாவுக்குப் பக்கத்தில், போர்முனைக்கு வெகு அருகில், தகரத்தையும் கிடைத்த மரக்கட்டைகளையும் கொண்டு ஒரு விடுதி கட்டினாள். சிப்பாய்களுக்குச் சாப்பாடு, மருந்து, காயத்துக்குக் கட்டு எல்லாம் அங்கே கிடைத்தன. யுத்தம் முடிந்ததும் கடனில் மூழ்கிப் போனாள் என்பதும் உண்மை. 1857ல் அவளுக்குப் பணம் திரட்ட லண்டனில் நாலு நாள் விழா எடுத்தார்கள் என்பதும் உண்மை. அவளை நர்ஸாக எடுத்துக்கொள்ளாத அதே லண்டனில், பார்லிமெண்டுக்கு எதிர்க்கரையில் உள்ள ஆஸ்பத்திரித் தோட்டத்தில், 2016ல் அவளுக்குச் சிலை வைத்தார்கள்.

அவள் மனுவுக்கு விதி என்று ஒன்று எழுதி வைத்திருக்கவில்லை. எதைச் செய்தால் எடுத்துக்கொள்வார்கள் என்று அவளுக்குச் சொல்வாரும் இல்லை. உங்களுக்கு விதி இருக்கிறது, அச்சிட்டும் கொடுத்திருக்கிறார்கள். அடுத்து என்ன கேட்பார்கள் என்று தெரிந்துகொண்டு காத்திருக்கலாம். தெரிந்த பரீட்சைக்குக் காத்திருப்பது எவ்வளவோ மேல்!

அடுத்து என்ன கேட்பார்கள்? அண்மை ஆண்டுகளில் தேர்ந்தெடுத்த பெண்களை டில்லி கண்டோன்மெண்ட்டில் உள்ள ராணுவ ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுகிறார்கள். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து எழுதும் ஒரு பரீட்சை. பொது அறிவுத்திறனும் ஆங்கிலமும். பிறகு மனோதத்துவ சோதனை. பிறகு நேர்முகம். பிறகு வைத்தியப் பரிசோதனை.

ஆங்கிலத்துக்கு ஒரே வழி, தினமும் அரை மணி நேரம் ஆங்கிலப் பத்திரிகையை உரக்கப் படிப்பது. மாடுகூடக் கேட்கலாம், வெட்கப்பட வேண்டாம். தமிழ் மீடியத்தில் படித்த பெண்ணுக்கு வார்த்தை தெரியாததைவிட, வாய் திறக்கக் கூச்சமாக இருப்பதுதான் பெரிய இடைஞ்சல். மூன்று மாதம் உரக்கப் படித்தால் அந்தக் கூச்சம் போய்விடும். மனோதத்துவ சோதனைக்கென்று பணம் வாங்கிக்கொண்டு சொல்லிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பிறர் எழுதிக் கொடுத்த பதிலை மனப்பாடம் பண்ணிச் சொல்லும் பெண்ணை, நாள் முழுதும் பெண்களையே பார்த்துக்கொண்டிருக்கும் அதிகாரிகள் கண்டுபிடிக்காமல் விடுவார்களா? "ஏன் ராணுவத்தில் நர்ஸாக விரும்புகிறாய்?" என்றால், தேச சேவை என்று பிரசங்கம் செய்யாமல், பாட்டியின் ஆஸ்பத்திரிக் கதையையே சொல்லுங்கள். அது உங்களுடையது.

இந்தப் பயணத்துக்கு வீட்டுப் பெரியவர் ஒருவர் துணைக்கு வரட்டும். சென்னையிலிருந்து ரயிலில் இரண்டு ராத்திரி ஆகிவிடும். ஒன்றிரண்டு நாளில் முடியும் என்று எண்ணித் திரும்புகிற டிக்கெட்டை எடுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு கட்டமாக நடக்கிறபடியால் சில நாள் தங்க நேரும். அசல் சான்றிதழ்களை ஒரு பையிலும், நகல்களை வேறு பையிலும் வையுங்கள்.

வைத்தியப் பரிசோதனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நீட்டில் தேறி, நேர்முகத்தில் தேறி, கடைசியில் இரத்தம் போதவில்லை என்று திரும்புவதைப் போல் வயிற்றெரிச்சல் வேறில்லை. இது அபூர்வமான குறையும் அல்ல. 2019-21ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை இருப்பதாகத் தெரிந்தது. அதாவது உங்கள் வகுப்பில் பாதிக்கு மேல்! பரீட்சைக்கு ராத்திரி கண் விழிப்பதும், காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பஸ்ஸுக்கு ஓடுவதும், பசித்தால் டீ குடித்துச் சமாளிப்பதும் சேர்ந்து அதை இன்னும் கெடுக்கின்றன.

நீட் மனுப் போடும்போதே ஒரு தடவை இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செலவே இல்லை. ஹீமோகுளோபின் குறைவு என்றால் டாக்டர் சொல்கிறபடி இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுங்கள். சேமிப்பு நிரம்பச் சில மாதங்கள் ஆகும். டில்லிக்கு டிக்கெட் எடுத்த பிறகு ஆரம்பித்தால் ஆகாது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, சுண்டல் எல்லாம் நல்லவை. கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சம்பழமோ சேர்ந்தால் இரும்புச் சத்து உடம்பில் நன்றாக ஒட்டும். சாப்பாட்டோடு டீயும் காப்பியும் குடித்தால் ஒட்டாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். காதில் அழுக்கு, பல் சொத்தை, கண்ணில் பார்வைக் குறைவு இவற்றையும் உள்ளூரிலேயே காட்டிவிடுங்கள். கையில் பச்சை குத்திக்கொள்ளும் புது மோகம் உங்களுக்கு இருந்தால், தயவுசெய்து ஒத்தி வையுங்கள்.

இவ்வளவும் செய்தும், "தகுதியில்லை" என்று எழுதிவிட்டால்? அந்த இடத்தில் அழுதுகொண்டே பெட்டியைக் கட்டக் கூடாது. காரணம் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மேல் பரிசோதனைக்கு அப்பீல் செய்ய ராணுவ விதிகளில் இடம் இருக்கிறது. அதற்குக் கெடு உண்டு. சில குறைகள் தாற்காலிகமானவை, சிகிச்சையில் தீர்ந்துவிடும். யாருக்காவது பணம் கொடுத்தால் முடித்துவிடலாம் என்று வாசலில் நின்று ஒருவன் சொல்வான். அவனிடம் பேச்சே வேண்டாம்.

அப்பாமார்களுக்கு இரண்டு வார்த்தை. சேரும்போது ஒப்பந்தப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். படித்து முடித்ததும் ராணுவத்தில் வேலை செய்ய வேண்டும் என்பது சாரம். பாதியில் விலகினால் பணம் கட்ட நேரும். கையெழுத்துப் போடும் முன் முழுவதும் படியுங்கள். "பட்டாளத்துக்குப் பெண்ணை அனுப்புவதா?" என்று உறவினர் கேட்டால், இது நேற்று முளைத்தது அல்ல என்று சொல்லுங்கள். பயிற்சி பெற்ற நர்ஸுகள் இந்திய ராணுவ ஆஸ்பத்திரிகளுக்கென்று 1888லேயே கப்பலில் வந்து பம்பாயில் இறங்கினார்கள். இந்திய ராணுவ நர்ஸிங் சர்வீஸ் 1926ல் தனியாக ஏற்பட்டது. 1943ல் அதன் நர்ஸுகளுக்கு அதிகாரி அந்தஸ்து கிடைத்தது. 1976ல் ஜெர்ட்ரூட் ஆலிஸ் ராம் என்ற நர்ஸ் மேஜர் ஜெனரல் ஆனார். நமது ராணுவத்தில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். 2023ல் அதே பதவிக்கு வந்த இக்னேஷியஸ் டெலோஸ் ஃபுளோரா நமது கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்.

கல்யாணம்? கேட்காமல் இருப்பீர்களா! நாலு வருஷப் படிப்பில் சேர, கல்யாணம் ஆகாதவளாகவோ, அல்லது விதவை, விவாகரத்துப் பெற்றவள் போன்றவளாகவோ இருக்க வேண்டும். படிப்பு முடிகிற வரை ஜாதகத்தை எடுக்காதீர்கள். பிறகு எடுக்கலாம். ஒரு காலத்தில் அதற்கும் தடை இருந்தது. ஒரு ராணுவ நர்ஸ் அதிகாரி, கல்யாணம் செய்துகொண்டார் என்பதற்காக 1988ல் வேலையிலிருந்து விடுவிக்கப்பட்டார். அந்தத் தடையுத்தரவு 1995ல் வாபஸ் ஆயிற்று. ஆனால் அவர் வழக்கை விடவில்லை. 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட், கல்யாணத்தைக் காரணம் காட்டிப் பெண்ணை வேலையிலிருந்து நீக்கியது அநீதி என்று சொல்லி, அவருக்கு 60 லட்ச ரூபாய் கொடுக்கும்படி சர்க்காருக்கு உத்தரவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள், எத்தனை வருஷம்!

இனிக் கடைசி விஷயம். இதைத் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். டில்லியிலிருந்து பதில் வருவதற்குள் உள்ளூர் நர்ஸிங் கல்லூரியில் இடம் கிடைத்தால் என்ன செய்வது? சேர்ந்துவிடுங்கள். சேரும் முன்பே, விலகினால் எவ்வளவு பணம் திரும்ப வரும், அசல் சான்றிதழை எப்போது கொடுப்பார்கள் என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ராணுவத்தில் இடம் கிடைத்தால் புறப்பட்டுப் போகலாம். கிடைக்காவிட்டால் உள்ளூரிலேயே நாலு வருஷம் நன்றாகப் படியுங்கள். நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஏனென்றால் ராணுவத்துக்கு இரண்டாவது வாசல் ஒன்று இருக்கிறது. பி.எஸ்ஸி. நர்ஸிங் முடித்துப் பதிவு செய்த பெண்களை நேரடியாகவே, குறுகிய காலப் பணிக்கு அதிகாரிகளாக எடுக்கிறார்கள். 2023 டிசம்பரில் அப்படி ஓர் அறிவிப்பு வந்து, 2024 ஜனவரி 14ந் தேதி பரீட்சை நடந்தது. அதில் வயது வரம்பு 21 முதல் 35 வரை. அந்த அறிவிப்பு எந்த மாதம் வரும் என்று சொல்ல முடியாது. வந்தால் மனுப் போடக் கொஞ்ச நாள்தான் கொடுப்பார்கள். ஆகவே வேலையில் இருந்தாலும் மாதம் ஒரு தடவை அந்த இணையதளத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். சான்றிதழ் பையையும் பரண் மேல் போட்டுவிடாதீர்கள். கைக்கு எட்டுகிற அலமாரியில் இருக்கட்டும்.